அரசு பட்ஜெட்டை ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

டெலே எனும் ஸ்பானிஷ் மொழித்தேர்வில் பி2 நிலை தேறி, சுற்றுலாக் கையேடு, கம்பெனிக் கடிதம் என்று மொழிபெயர்த்துப் பழகியவர்களுக்கு ஒருநாள் ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பு முகமையிடமிருந்து பட்ஜெட் ஆவணம் வந்து சேரும். ஒரு நகராட்சியின் ஆண்டுக் கணக்காக இருக்கலாம், ஓர் அமைச்சகத்தின் செலவு அறிக்கையாக இருக்கலாம். பார்த்தால் எளிதாகத் தெரியும்: பாதிக்குமேல் அட்டவணை, மீதி ஒரே மாதிரி வாக்கியங்கள். அகராதியை மட்டும் நம்பி இறங்கினால் முதல் பக்கம் தாண்டுவதே கஷ்டம். எனக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லை. சட்டங்களையும் கையேடுகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்த பிறகுதான் வழி பிடிபட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

ஒரு சொல்லுக்கு ஆங்கிலம் என்ன என்று தேடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும்: எந்த நாடு, எந்த வகைக் கணக்கு, பணம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது. இவை தெரிந்துவிட்டால் சொல் தானாக வந்து விழும். கீழே ஸ்பானிஷ், ஆங்கிலச் சொற்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

1. முதலில் நாட்டை உறுதி செய்யுங்கள்

ஒவ்வொரு நாட்டுக்கும் தனி பட்ஜெட் சட்டம் உண்டு. ஒரே சொல் நாட்டுக்கு நாடு வேறு படியில் உட்கார்ந்திருக்கும். ஸ்பெயினில் ‘கபீதுலோ’ என்பது செலவின் தன்மையைக் காட்டும் பிரிவு. 1 ஊழியர் செலவு, 2 பொருள்களும் சேவைகளும், 3 வட்டி முதலான நிதிச் செலவு, 4 நடப்பு மாற்றுத்தொகை, 6 முதலீடு, 9 கடன் அசல் என்று போகும். மெக்சிகோவிலும் கபீதுலோ செலவின் தன்மைதான், ஆனால் எண்கள் 1000, 2000, 3000 என்று வரும். சிலியில் ‘பர்தீதா’ என்பது ஓர் அமைச்சகம் அளவுக்குப் பெரிய தலைப்பு. அதற்குள் வரும் கபீதுலோ ஒரு துறை நிறுவனம். சிலியின் பர்தீதாவை ‘பட்ஜெட் லைன்’ என்று எழுதினால் ஒரு முழு அமைச்சகத்தை ஒற்றை வரியாகச் சுருக்கிவிடுவீர்கள்.

ஸ்பெயினுக்குள்ளும் கவனம் வேண்டும். 2008-இல் வந்த ஓர் ஆணைக்குப் பிறகு நகராட்சிகள் பழைய ‘பர்தீதா’வுக்குப் பதிலாக ‘அப்லிகாசியோன் பிரெசுபுவெஸ்தாரியா’ என்று எழுதுகின்றன. இரண்டுக்குமே ‘பட்ஜெட் லைன்’ பொருந்தும். ஒரே ஆவணத்தில் இரண்டும் வந்தால் குழம்ப வேண்டாம்.

2. படிக்கப்போவது யார் என்று கேளுங்கள்

‘ஆங்கிலம்’ என்று முகமை எழுதியிருக்கும். எந்த ஆங்கிலம் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். பிரஸ்ஸல்ஸுக்குப் போகும் ஆவணம் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி விதிமுறையில் இருக்கும் சொற்கள். பிரிட்டன் வாசகர் என்றால் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றுவது ‘வயர்மென்ட்’. அமெரிக்க வாசகர் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. காரணத்தை 5-ஆம் படியில் சொல்கிறேன்.

நமக்கு மட்டுமே உரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. இந்திய பட்ஜெட் ஆங்கிலம் நம் காதில் ஊறியது. ஸ்பெயினில் பட்ஜெட் நிறைவேறாத ஆண்டில் ‘ப்ரோரொகா’ என்று வரும்போது கை தானாக ‘வோட் ஆன் அக்கவுண்ட்’ (இடைக்காலச் செலவுக்கு நாடாளுமன்றம் வாக்களித்துத் தரும் அனுமதி) என்று தட்டப்பார்க்கும். அது தவறு. அரசியலமைப்பின் 134-ஆம் பிரிவுப்படி, புதிய பட்ஜெட் ஜனவரி 1-க்குள் நிறைவேறவில்லை என்றால் பழையது தானாக நீளும், யாரும் வாக்களிப்பதில்லை. 2023-ஆம் ஆண்டின் பட்ஜெட் அப்படித்தான் 2024-க்கும் 2025-க்கும் நீண்டது. ‘ரோல்டு-ஓவர் பட்ஜெட்’ அல்லது ‘எக்ஸ்டென்ஷன்’ என்று எழுதுங்கள். ‘டிமாண்ட் ஃபார் கிராண்ட்ஸ்’, ‘ரீ-அப்ரோப்ரியேஷன்’ என்ற மற்ற இந்திய பட்ஜெட் சொற்கள் இரண்டையும் இந்த வேலை முடியும்வரை மறந்துவிடுங்கள்.

3. பட்ஜெட் கணக்கா, தேசியக் கணக்கா என்று பிரியுங்கள்

இதுதான் புதியவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம். தேசியக் கணக்கு என்பது நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தை அளக்கும் புள்ளிவிவர முறை. ஒரே அறிக்கையின் முதல் பாதி பட்ஜெட் கணக்கிலும், பிற்பாதி ஐரோப்பியத் தேசியக் கணக்கு முறையிலும் (2010 பதிப்பு) இருக்கலாம். பற்றாக்குறையைப் பற்றிப் பேசும் பகுதி பெரும்பாலும் இரண்டாவது வகை.

‘சுப்வென்சியோன்’ என்ற சொல்லைப் பாருங்கள். ஸ்பெயினின் 2003-ஆம் ஆண்டு 38-ஆம் எண் சட்டத்தின்படி ஒரு சங்கத்துக்கோ ஆய்வு நிறுவனத்துக்கோ அரசு தரும் உதவித்தொகை அது, ஆங்கிலத்தில் ‘கிராண்ட்’. தேசியக் கணக்குப் பகுதியில் அதே சொல் உற்பத்தியாளர்களுக்குத் தரும் மானியம், அங்கே ‘சப்சிடி’. எந்தப் பகுதியில் நிற்கிறீர்கள் என்று பார்க்காமல் ஒன்றையே எல்லா இடத்திலும் நிரப்பினால் பாதி ஆவணம் பிழையாகும்.

‘நெசெசிதாத் தெ ஃபினான்சியாசியோன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் ‘ஃபைனான்சிங் நீட்’ என்று எழுதாதீர்கள். தேசியக் கணக்கில் அதற்கு நிலைத்த பெயர் ‘நெட் பாரோயிங்’. அதன் எதிர்ச்சொல்லான ‘கபாசிதாத் தெ ஃபினான்சியாசியோன்’ என்பது ‘நெட் லெண்டிங்’. ‘அத்மினிஸ்திராசியோனெஸ் பூப்ளிகாஸ்’ என்பது இந்தப் பகுதியில் ‘ஜெனரல் கவர்ன்மென்ட்’.

இதைவிடப் பெரிய கண்ணி ‘எஸ்தாதோ’. ஸ்பெயினில் எஸ்தாதோ என்றால் மத்திய அரசு. ஆனால் தேசியக் கணக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டேட் கவர்ன்மென்ட்’ என்ற துணைத்துறையில் ஸ்பெயினின் தன்னாட்சிப் பிரதேசங்கள்தான் வருகின்றன. எஸ்தாதோவை ‘ஸ்டேட் கவர்ன்மென்ட்’ என்று எழுதினால் மாட்ரிட்டின் பற்றாக்குறையைக் கட்டலோனியா, ஆந்தலூசியா முதலான பிரதேசங்களின் தலையில் ஏற்றிவிடுவீர்கள். ‘சென்ட்ரல் கவர்ன்மென்ட்’ என்று எழுதிவிட்டால் வம்பில்லை.

4. ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

எல்லாமே இலவசம். மொழிபெயர்ப்பைத் தொடங்கும் முன் அந்த நாட்டின் அடிப்படைச் சட்டத்தைத் தரவிறக்கிப் பக்கத்தில் வையுங்கள்.

ஸ்பெயினின் மத்திய அரசு என்றால் 2003-ஆம் ஆண்டு 47-ஆம் எண் பொது பட்ஜெட் சட்டம். நகராட்சி என்றால் 2004-ஆம் ஆண்டு 2-ஆம் எண் அரச சட்ட ஆணையும் 1990-ஆம் ஆண்டு 500-ஆம் எண் அரச ஆணையும். பற்றாக்குறை, கடன் வரம்பு என்று வந்தால் 2012-ஆம் ஆண்டு 2-ஆம் எண் சட்டம். எல்லாம் ‘போயே’ எனப்படும் அரசிதழ் இணையதளத்தில் திருத்தங்கள் சேர்க்கப்பட்ட வடிவில் கிடைக்கும்.

மெக்சிகோவுக்கு 2008-இல் வந்த அரசுக் கணக்கியல் பொதுச் சட்டம். அதன் 4-ஆம் பிரிவே ஒரு சொல்லகராதிபோல வரையறைகளை அடுக்கித் தருகிறது. பெருவுக்கு 2018-இன் 1440-ஆம் எண் சட்ட ஆணை, கொலம்பியாவுக்கு 1996-இன் 111-ஆம் எண் ஆணை, அர்ஜென்டினாவுக்கு 24.156-ஆம் எண் சட்டம், சிலிக்கு 1975-இன் 1.263-ஆம் எண் சட்ட ஆணை.

ஆங்கிலப் பக்கத்துக்கு மூன்று போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சொல் தரவுத்தளமான ‘இயாட்டே’. ஒரே சட்டத்தை ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாகக் காட்டும் ‘யூர்-லெக்ஸ்’. பன்னாட்டு நிதியத்தின் 2014 அரசு நிதிப் புள்ளிவிவரக் கையேடு. அந்தக் கையேடு இரு மொழிகளிலும் இருக்கிறது. பத்தி எண்கள் ஒத்துப்போவதால் தேடுவது எளிது. ஒரு ஸ்பானிஷ் சட்டச் சொல்லின் பொருளே புரியவில்லை என்றால், ஸ்பானிய அரச அகாதமியின் சட்டச் சொல் அகராதி இணையத்தில் இருக்கிறது. எந்த நாட்டு வழக்கு என்பதையும் அது குறிக்கும்.

கண்ட கண்ட இணைய மன்றங்களில் யாரோ தந்த பதிலைக் கடைசி ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதில் சரியாகவே இருந்தாலும் அது வேறொரு நாட்டின் வேறொரு கட்டத்துக்கு உரியதாக இருக்கலாம்.

5. செலவின் கட்டங்களை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்

ஸ்பெயினில் ஒரு செலவு ஐந்து படிகள் ஏறுகிறது. செலவுக்கு ஒப்புதல், ஒப்பந்ததாரர் உறுதியாகி அரசு கட்டுப்படும் ‘கொம்ப்ரொமீசோ’, பொருளோ சேவையோ வந்து சேர்ந்து, கொடுக்க வேண்டிய தொகை பதிவாகும் ‘ரெகோனோசிமியென்தோ தெ லா ஒப்லிகாசியோன்’, பணம் கொடுக்க உத்தரவு, பணம் கைமாறுவது. கணக்குத் தாள்களில் முதல் மூன்றும் ஏ, டி, ஓ என்ற எழுத்துகளாக வரும். மூன்றையும் ஒன்றாகப் பதிந்தால் ஏடிஓ. இவற்றுக்கு முன்பே பணத்தை ஒதுக்கிப் பூட்டிவைப்பதற்கு ஆர்சி. இந்த எழுத்துகளை மொழிபெயர்க்காதீர்கள். அப்படியே வைத்து முதல்முறை வரும்போது விளக்கம் சேருங்கள். இல்லையென்றால் மூலத்தோடு ஒப்பிட யாராலும் முடியாது.

ஆங்கிலத்தில் வரிசையாக: ‘அப்ரூவல்’, ‘கமிட்மென்ட்’, ‘ரெகக்னிஷன் ஆஃப் தி ஆப்ளிகேஷன்’, ‘பேமென்ட் ஆர்டர்’, ‘பேமென்ட்’.

அமெரிக்க வாசகர் விஷயம் இங்கேதான் வருகிறது. அமெரிக்க மத்திய அரசின் பட்ஜெட் வழக்கில் ‘ஆப்ளிகேஷன்’ என்பது ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே பிறந்துவிடுகிறது. ஸ்பெயினின் ஒப்லிகாசியோன், பொருள் வந்த பிறகு பதிவாவது. ஒலி ஒன்று, கட்டம் வேறு. ‘ஒப்லிகாசியோனெஸ் ரெகோனோசீதாஸ்’ என்ற நெடுவரிசையை வெறும் ‘ஆப்ளிகேஷன்ஸ்’ என்று எழுதினால், வாஷிங்டனில் படிப்பவர் ஒப்பந்தத் தொகை என்று எடுத்துக்கொள்வார். ‘ரெகக்னைஸ்டு ஆப்ளிகேஷன்ஸ்’ என்று எழுதி, பொருள் பெற்றபின் பதிவான தொகை என்று ஓர் அடிக்குறிப்பு சேருங்கள். அந்த ஒரு வரி பெரிய குழப்பத்தைத் தடுக்கும்.

லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் மூன்றாம் கட்டத்துக்கு ‘தெவெங்காதோ’ என்று பெயர். ‘அக்ரூட்’ சரியாக வரும். மெக்சிகோவில் அதற்கும் பணம் கொடுத்த நிலையான ‘பகாதோ’வுக்கும் நடுவில் ‘எஹெர்சீதோ’ என்று ஒரு கட்டம் உண்டு: பணம் வழங்குவதற்கான சான்றிட்ட ஆவணம் ஒப்புதலாகி வெளிவந்த நிலை. பல மொழிபெயர்ப்புகளில் இது ‘ஸ்பென்ட்’ என்று போகிறது. ஆனால் பணம் இன்னும் கொடுக்கப்படவில்லை. ‘அப்ரூவ்டு ஃபார் பேமென்ட்’ என்று விளக்கமாக எழுதுவதே நேர்மையானது. பெருவில் தெவெங்காதோவுக்கு அடுத்து ‘ஹிராதோ’. காசோலையோ பரிமாற்ற உத்தரவோ வெளிவந்த நிலை. கொலம்பியாவில் கொம்ப்ரொமீசோவுக்கு முன்னால் நிதி இருப்புச் சான்றிதழும், அதன்பின் பட்ஜெட் பதிவும் தனித்தனி ஆவணங்கள். இரண்டையும் ஒரே ஆங்கிலப் பெயரில் அடைக்காதீர்கள்.

வரவுப் பக்கத்தில் ‘தெரேச்சோஸ் ரெகோனோசீதோஸ்’ வரும். ‘ரைட்ஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். அரசுக்கு வரவேண்டியது என்று பதிவான தொகை அது. ‘ரெகக்னைஸ்டு ரெவின்யூ’ போதும். உண்மையில் வசூலானது ‘ரெகவுதாசியோன்’, அது ‘கலெக்‌ஷன்ஸ்’.

6. ‘கிரெதிதோ’ வந்தால் நின்று படியுங்கள்

பட்ஜெட்டில் கிரெதிதோ என்றால், ஒரு தலைப்பில் இவ்வளவுவரை செலவழிக்கலாம் என்று நாடாளுமன்றமோ நகராட்சி மன்றமோ தந்த அனுமதி. ஆங்கிலத்தில் ‘அப்ரோப்ரியேஷன்’. ‘கிரெடிட்’ என்று எழுதினால் கடன் என்று படிக்கப்படும்.

அதிலேயே கிளைகள் பல. பட்ஜெட்டில் தலைப்பே இல்லாத, தள்ளிப்போட முடியாத செலவுக்குக் கொடுப்பது ‘கிரெதிதோ எக்ஸ்திராஒர்தினாரியோ’. தலைப்பு இருந்து தொகை போதாதபோது கொடுப்பது ‘சுப்ளெமென்தோ தெ கிரெதிதோ’. முன்னதற்கு ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அப்ரோப்ரியேஷன்’, பின்னதற்கு ‘சப்ளிமென்டரி அப்ரோப்ரியேஷன்’. இரண்டையும் ‘அடிஷனல் ஃபண்ட்ஸ்’ என்று எழுதிக் கடந்துபோகும் பழக்கம் வேண்டாம். சட்டம் இவற்றுக்குத் தனித்தனி நிபந்தனை வைத்திருக்கிறது. சென்ற ஆண்டு செலவாகாததை இந்த ஆண்டுக்குக் கொண்டுவரும் ‘இன்கொர்பொராசியோன் தெ ரெமனென்தெஸ்’ என்பது ‘கேரி-ஓவர்’.

‘திரான்ஸ்ஃபெரென்சியா தெ கிரெதிதோ’ ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு அனுமதியை நகர்த்துவது. ‘திரான்ஸ்ஃபெரென்சியாஸ் கொர்ரியென்தெஸ்’ என்பது 4-ஆம் கபீதுலோவில் வரும் செலவு. அரசிடமிருந்து வெளியே போகும் பணம். முதலாவது ஐரோப்பிய ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்ஃபர் ஆஃப் அப்ரோப்ரியேஷன்ஸ்’, இரண்டாவது ‘கரன்ட் டிரான்ஸ்ஃபர்ஸ்’.

இவ்வளவும் மனப்பாடமான பிறகு ‘ஒபெராசியோனெஸ் தெ கிரெதிதோ’ என்று ஒன்று வரும். இங்கே கிரெதிதோ நிஜமாகவே கடன், ‘பாரோயிங்’. அதனால்தான் இந்தச் சொல்லைத் தானியங்கி மாற்றீட்டில் போடக்கூடாது என்கிறேன்.

நகராட்சி ஆவணங்களில் தவறாமல் வருவது ‘ரெமனென்தே தெ தெசொரெரீயா’. டிசம்பர் 31 அன்று கையிருப்பு, வரவேண்டிய பாக்கி இரண்டையும் கூட்டி, கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழித்து வருவது. ‘கேஷ் சர்ப்ளஸ்’ என்று பலர் எழுதுகிறார்கள். வராத பாக்கியும் அதில் சேர்ந்திருப்பதால், முதல்முறை வரும் இடத்தில் அதன் கணக்கை ஒரு வரியில் விளக்கிவிட வேண்டும்.

7. மற்ற கண்ணிகள், சுருக்கமாக

‘எஹெர்சீசியோ’ நிதியாண்டு. ‘எஹெர்சீசியோஸ் செர்ராதோஸ்’ முந்தைய ஆண்டுகள்.

‘லிகிதாசியோன் தெல் பிரெசுபுவெஸ்தோ’ ஆண்டு முடிவில் பட்ஜெட் எப்படி நிறைவேறியது என்ற கணக்கு, ‘அவுட்டர்ன்’. வரி ஆவணத்தில் ‘லிகிதாசியோன்’ என்றால் ‘அசெஸ்மென்ட்’. ‘லிக்விடேஷன்’ என்று எழுதினால் நகராட்சியே திவாலாகிவிட்டது போலத் தொனிக்கும்.

‘ஃபிஸ்கால்’ பெரும்பாலும் ‘டாக்ஸ்’. ‘ஃபிராவுதே ஃபிஸ்கால்’ வரி ஏய்ப்பு. ‘எல் ஃபிஸ்கால்’ என்று ஆளைக் குறித்தால் அரசு வழக்கறிஞர். ‘தாசா’ என்பது அரசு சேவைக்கான கட்டணம், ‘ஃபீ’. புள்ளிவிவரத்தில் அதே சொல் ‘ரேட்’. ‘அமோர்திசாசியோன்’ 9-ஆம் கபீதுலோவில் கடன் அசலைத் திருப்புவது. சொத்துக் கணக்கில் தேய்மானம்.

அமைப்புகளின் பெயரில் தணிக்கை சம்பந்தமானவைதான் சிக்கல். ஸ்பெயினின் ‘இந்தெர்வென்சியோன்’ அரசுக்கு உள்ளேயே இருக்கும் கட்டுப்பாட்டுப் பிரிவு, ‘காம்ப்ட்ரோலர்’ பொருந்தும். வெளித் தணிக்கை ‘திரிபுனால் தெ குவென்தாஸ்’; ஆங்கிலத்தில் ‘ஸ்பானிஷ் கோர்ட் ஆஃப் ஆடிட்’. சிலி, பெரு, கொலம்பியாவிலோ ‘கோந்திரலொரீயா’ என்ற பெயரில் இருப்பதுதான் உச்சத் தணிக்கை அமைப்பு. அமைப்பின் ஆங்கிலப் பக்கத்தில் அது தன்னை எப்படி அழைக்கிறதோ அதையே எடுங்கள். ஸ்பெயினின் நிதி அமைச்சகப் பெயர் அரசு மாறும்போதெல்லாம் நீண்டு குறையும். ஆவணத்தின் ஆண்டில் இருந்த பெயரையே பயன்படுத்துங்கள்.

8. எண்களைத் தனியாக ஒருமுறை பாருங்கள்

ஸ்பானிஷ் ‘பில்யோன்’ ஆங்கில ‘பில்லியன்’ அல்ல; அது ‘டிரில்லியன்’, அதாவது லட்சம் கோடி. ஆங்கில பில்லியனுக்கு ஸ்பானிஷில் ‘மில் மில்யோனெஸ்’. கொலம்பியாவின் 2024 பட்ஜெட் 502,6 பில்யோன் பேசோ, அதை ‘502.6 பில்லியன்’ என்று எழுதினால் ஆயிரம் மடங்கு காணாமல் போகும்.

ஸ்பெயின், சிலி, அர்ஜென்டினா, கொலம்பியா ஆகியவற்றில் ஆயிரத்துக்குப் புள்ளி, பின்னத்துக்குக் காற்புள்ளி. மெக்சிகோவில் ஆங்கிலத்தைப் போலவே. எல்லாக் கோப்புகளிலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் மெக்சிகோ அட்டவணை நாசமாகும். சிலி அட்டவணையில் டாலர் குறிக்கு முன் ஒற்றை எம் இருந்தால் ஆயிரம் பேசோ, இரட்டை எம் என்றால் பத்து லட்சம். டாலர் குறியே அங்கு பேசோவைத்தான் குறிக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். மெக்சிகோவில் எம்டிபி என்றால் மில்லியன் பேசோ, எம்எம்டிபி என்றால் ஆயிரம் மில்லியன்.

9. கட்டணமும் காலமும்

வேலையை ஏற்கும் முன்னால் கூலி மூலச் சொல்லுக்கா, ஆங்கிலச் சொல்லுக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்பானிஷ் மூலம் ஆங்கிலத்தைவிட நீளம். மூலத்துக்கு என்றால் உங்களுக்கு நல்லது. அட்டவணை அமைப்பு வேலைக்கு மணிக்கணக்கில் கேளுங்கள். பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் எக்செல் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கேன் செய்ததிலிருந்து எண்களை மீட்பதில் ஒரு முழு நாள் போய்விடும்.

திரும்பத் திரும்ப வரும் வரிகளுக்கு முகமை தள்ளுபடி கேட்கும். இந்தத் துறையில் அதற்கு முழுதாக ஒத்துக்கொள்ளாதீர்கள். சுப்வென்சியோன், கிரெதிதோ போன்றவை ஒரே வடிவில் வந்தாலும் ஒவ்வொரு முறையும் நீங்கள் சரிபார்த்தாக வேண்டும். மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கு முதலிலேயே பணம் போட வேண்டியதில்லை. ‘ஒமேகா-டி’ இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

ஆவணம் ஸ்பெயினில் ஓர் அலுவலகத்தில் தாக்கல் ஆகப்போகிறதா என்று கேளுங்கள். அப்படியானால் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் நியமித்த உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்து தேவைப்படலாம். வேலை முடிந்த பிறகு இது தெரியவந்தால் கூலியே தகராறாகிவிடும்.

கால அளவில், மொத்த நாள்களில் மூன்றில் ஒரு பங்கைச் சட்டத்தைப் படிக்கவும் சொற்பட்டியல் போடவும் ஒதுக்குங்கள். பொது மொழிபெயர்ப்பில் ஒரு நாளில் செய்யும் அளவை இங்கே எதிர்பார்க்காதீர்கள். வேலை குவியும் மாதங்களும் முன்பே தெரிந்தவைதான். பட்ஜெட் மசோதாவைத் தாக்கல் செய்யக் கொலம்பியாவில் ஜூலை கடைசி, பெரு ஆகஸ்ட் 30, மெக்சிகோ செப்டம்பர் 8, அர்ஜென்டினா செப்டம்பர் 15, சிலியும் ஸ்பெயினும் செப்டம்பர் முடிவுக்குள் என்று சட்டங்கள் தேதி குறித்திருக்கின்றன. ஸ்பெயினில் அந்தத் தேதி எப்போதும் காப்பாற்றப்படுவதில்லை. ஜூலைக்குள் உங்கள் சொற்பட்டியல் தயாராக இருந்தால் இந்த மாதங்களில் வரும் அவசர வேலைகளை நிம்மதியாக ஏற்கலாம்.

10. ஒப்படைக்கும் முன்

அட்டவணையின் கூட்டுத்தொகைகளை ஆங்கிலக் கோப்பில் மறுபடி கூட்டிப் பாருங்கள். மூலத்திலேயே கூட்டல் பிழை இருந்தால் திருத்தாதீர்கள். அப்படியே விட்டு, பக்க எண்ணோடு வாடிக்கையாளருக்கு எழுதுங்கள். சந்தேகங்களை ஒவ்வொன்றாக அனுப்பாமல் ஒரே பட்டியலாக, ஸ்பானிஷில், எந்தத் தலைப்பு எந்த வரி என்று குறித்து அனுப்பினால் நிதித்துறை ஆட்கள் விரைவாகப் பதில் தருகிறார்கள்.

சொற்பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே நாடு, கணக்கு வகை, கட்டம், ஆதாரமான சட்டப் பிரிவு என நான்கு நெடுவரிசைகள் போடுங்கள். நீங்கள் பார்த்த சட்டப் பதிப்பின் தேதியையும் குறித்துவையுங்கள். பட்ஜெட் ஆவணம் ஆண்டுதோறும் திரும்ப வரும்; அடுத்த முறை பதிப்பு மாறியிருந்தால் திருத்தப்பட்ட பிரிவுகளை மட்டும் பார்த்தால் போதும்.